சிவில் கோர்ட் ஜட்ஜுக்கு எதைப் பார்த்து ஓட்டுப் போடுறது? (புரூக்ளின், நியூயார்க்)

புரூக்ளின் பாண்டி:
எல்லாருக்கும் வணக்கம். போன வருஷம்தான் சிட்டிசன்ஷிப் வந்துச்சு. நவம்பர்ல முதல் ஓட்டு. ஆசையா கிளம்பி, வரிசையில நின்னு, வாக்குச்சீட்டை வாங்கிட்டு அந்த அட்டை மறைப்புக்குள்ள போனேன். மேயர், கவுன்சில் எல்லாம் முடிவு பண்ணி வச்சிருந்தேன். கீழ வந்தா நீதிபதிகள். "ஏதாவது 5 பேருக்கு" ஓட்டுப் போடுன்னு போட்டிருக்கு. எண்ணிப் பார்த்தா மொத்தமே 5 பேர்தான். அதே 5 பேரு டெமாக்ரட் வரிசையிலயும் இருக்காங்க, ரிபப்ளிகன் வரிசையிலயும் இருக்காங்க. ஒருத்தர் பேரும் கேள்விப்பட்டதில்லை. பின்னாடி ஆள் நிக்குதேன்னு வட்டத்தை எல்லாம் கருப்பாக்கிட்டு வந்துட்டேன். வெளிய வந்ததுல இருந்து உறுத்தல்.

இப்ப ஏன் கிளறுறேன்னா, பழைய வீட்டு ஓனர் என் அட்வான்ஸ் 1,800 டாலரைத் திருப்பித் தரல. சிவில் கோர்ட்டுல ஸ்மால் கிளெய்ம்ஸ் (சின்னத் தொகை வழக்கு) போட்டிருக்கேன். 20 டாலர் கட்டணம், லிவிங்ஸ்டன் தெரு 141. அங்க உட்கார்ற ஜட்ஜும் தேர்தல்ல ஜெயிச்சு வந்தவர்னு கவுண்டர்ல சொன்னாங்க. அப்ப நான் கண்ணை மூடிக் கருப்படிச்ச ஆள்கிட்டதான் போய் நிக்கப் போறேனா? இவங்க எங்கிருந்து வர்றாங்க, யார் நிறுத்துறாங்க? தெரிஞ்சவங்க சொல்லுங்க.

வாய்தா:
நான் மதுரையில வக்கீல். படிச்சதும் தலை சுத்துது பாண்டி. இங்க டிஸ்ட்ரிக்ட் முன்சீப் ஆகணும்னா டி.என்.பி.எஸ்.சி. பரீட்சை, நேர்முகம், பயிற்சி. ஏறிப் போறதெல்லாம் ஹைகோர்ட் கையில. வாடகை பாக்கி வழக்குல எவன் ஜெயிச்சான்னு பார்த்து ஊரே ஜட்ஜுக்கு ஓட்டுப் போட்டா என்ன ஆகும்? ஓனர் ஒருத்தன், குடித்தனக்காரன் பத்துப் பேர். ஓனர் ஒரு கேஸ் ஜெயிப்பானா?

கோனி ஐலண்ட் அக்கா:
பாண்டி, பதறாதீங்க. நீங்க கருப்படிச்ச 5 பேர் அநேகமா சிவில் கோர்ட் ஆளுங்களே கிடையாது. நான் இந்த ஊர்ல வக்கீல் ஆபீஸ்ல இருபது வருஷமா பைல் தூக்குறவ. தெரிஞ்சதைச் சொல்றேன்.

முதல்ல பேர்க் குழப்பம். நியூயார்க் மாநிலத்துல "சுப்ரீம் கோர்ட்"னா உச்ச நீதிமன்றம் இல்ல, பெரிய விசாரணைக் கோர்ட். அதுக்கு மேல அப்பலேட் டிவிஷன், அதுக்கும் மேல கோர்ட் ஆஃப் அப்பீல்ஸ். வெளியூர்க்காரங்க எல்லாரும் இதுல ஒருதடவை விழுவாங்க. "5 பேருக்கு, எல்லாக் கட்சியிலயும் அதே 5"னு வர்றது பெரும்பாலும் சுப்ரீம் கோர்ட்டுக்கு. 14 வருஷப் பதவி.

நகர சிவில் கோர்ட் அதுக்குக் கீழ. 1962-ல ரெண்டு பழைய கோர்ட்டைச் சேர்த்து உண்டாக்கினது. ரொம்ப வருஷம் 25,000 டாலர் வரைக்கும்தான் வழக்கு எடுக்கும். 2021 நவம்பர்ல மாநில மக்கள் ஓட்டுப் போட்டு 50,000 ஆக்கினாங்க. (அன்னைக்கு 5 கேள்வி கேட்டாங்க, 3 தோத்துச்சு. இது ஜெயிச்சுது. ஓட்டுப் போட்டவங்கள்ல எத்தனை பேருக்கு இந்தக் கோர்ட் எங்க இருக்குன்னு தெரியும்னு கேக்காதீங்க.) உங்க ஸ்மால் கிளெய்ம்ஸ் 10,000 வரைக்கும். ஜட்ஜுக்குப் பதவி 10 வருஷம். நிக்கணும்னா வக்கீலாப் பதிஞ்சு 10 வருஷம் ஆகியிருக்கணும். 70 வயசு ஆகிற வருஷக் கடைசியில இறங்கிடணும். நடுவுல இடம் காலியானா மேயர் தற்காலிகமா ஒருத்தரைப் போடுவார். வீட்டு வாடகை வழக்குக் கேக்கிற ஹவுசிங் கோர்ட் ஜட்ஜுங்க மட்டும் தனி, அவங்களுக்குத் தேர்தல் இல்ல, நியமனம். ஆக வாய்தா சார் பயந்த ஓனர் கணக்கு இங்க அப்படியே வராது.

இன்னொரு விஷயம், சிவில் கோர்ட்டுக்கு ஜெயிச்சவரு சிவில் கோர்ட்டுலதான் உட்காருவாருன்னு இல்ல. முதல் சில வருஷம் கிரிமினல் கோர்ட்டுக்கோ ஃபேமிலி கோர்ட்டுக்கோ அனுப்பிடுவாங்க.

முக்கியமான வித்தியாசம் இனிமேதான். சிவில் கோர்ட்டுக்கு ஜூன்ல ப்ரைமரி நடக்கும், அதாவது கட்சிக்கு யார் வேட்பாளர்னு அந்தக் கட்சியில பதிஞ்ச ஜனங்களே ஓட்டுப் போட்டு முடிவு பண்றது. கையெழுத்து வாங்கிட்டு யார் வேணா கட்சி வேட்பாளராகப் போட்டி போடலாம். புரூக்ளின்ல டெமாக்ரட் ப்ரைமரி ஜெயிச்சா நவம்பர் வெறும் சம்பிரதாயம். சுப்ரீம் கோர்ட்டுக்கு அந்த ப்ரைமரி இல்ல. ஆகஸ்ட்ல கட்சி மாநாடு. பிரதிநிதிங்க கூடுவாங்க, மேல இருந்து வந்த பட்டியலை வாசிப்பாங்க, கை தூக்குவாங்க, முடிஞ்சது. நீங்க நவம்பர்ல பார்த்தது அந்தப் பட்டியலைத்தான்.

சிரஸ்தார் ஓய்வு:
கும்பகோணம் பக்கம் 34 வருடம் கோர்ட்டில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். அக்கா அவர்களிடம் ஒரு கேள்வி. அங்கே ஜட்ஜுக்கு உதவியாக இருக்கும் ஆட்களை யார் நியமிக்கிறார்கள்? எங்களில் பெஞ்ச் கிளார்க்கும் அமீனாவும் கோர்ட் சிப்பந்திகள். ஜட்ஜு மாறுவார், நாங்கள் இருப்போம். ஜட்ஜே தன் ஆளைக் கொண்டுவரலாம் என்றால், சிபாரிசுக் கடிதம் எந்த வழியாக வரும் என்று எனக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

கோனி ஐலண்ட் அக்கா:
ஐயா, நீங்க தொட்ட இடம்தான் கதையே. இங்க ஜட்ஜு தன்னோட லா கிளார்க்கைத் தானே எடுத்துக்கலாம். சட்டம் படிச்சவர், தீர்ப்பு எழுத ஒத்தாசை பண்றவர். நல்ல சம்பளம், அரசாங்க வேலை. கட்சிக்காரன் கண்ணு அதுமேல விழாம இருக்குமா?

மார்கரிட்டா லோபஸ் டோரஸ்னு ஒரு அம்மா. 1992-ல ப்ரைமரியில ஜெயிச்சு, புரூக்ளின்ல சிவில் கோர்ட் ஜட்ஜ் ஆனாங்க. வந்து உட்கார்ந்த கொஞ்ச நாள்லயே, நாங்க சொல்ற ஆளை வேலைக்கு எடுன்னு கட்சித் தலைவர்கள் கேட்டாங்க, நான் மாட்டேன்னு சொன்னேன்ங்கிறது அவங்க பின்னாடி கோர்ட்டுல வச்ச வாதம். ஒருதடவை இல்ல, கேட்டப்பல்லாம் மறுத்ததா சொன்னாங்க.

அப்புறம் மேல போகணும்னு சுப்ரீம் கோர்ட்டுக்கு முயற்சி பண்ணாங்க. 1997 மாநாடு, இல்ல. 2002 மாநாடு, இல்ல. 2003, அதுவும் இல்ல. அந்தக் காலத்துல புரூக்ளின் டெமாக்ரட் கட்சிக்குத் தலைவர் கிளாரன்ஸ் நார்மன். நம்ம ஊர் மாவட்டச் செயலாளரை நினைச்சுக்கோங்க, அதே மாதிரிதான். மாநாட்டுல யார் பேர் வரணும்ங்கிறது அங்கதான் முடிவாகும்.

வேடிக்கையைப் பாருங்க. அதே 2002-ல அவங்க 10 வருஷம் முடிஞ்சு சிவில் கோர்ட்டுக்கு மறுபடி நிக்கணும். கட்சி கைவிட்டுருச்சு. ஆனா அங்க ப்ரைமரி இருக்கே. நேரா ஜனங்ககிட்ட போனாங்க, ஜெயிச்சாங்க. ஒரே வருஷம், ஒரே ஊர், ஒரே ஆள். ஜனங்க கதவு திறந்திருக்கிற கீழ் கோர்ட்டுக்கு உள்ள விட்டாங்க. கட்சி சாவி வச்சிருக்கிற மேல் கோர்ட்டுக்கு வெளிய நிறுத்திட்டாங்க.

2004-ல அவங்களும் இன்னும் சிலரும் சேர்ந்து ஃபெடரல் கோர்ட்டுல (மத்திய அரசு கோர்ட்) கேஸ் போட்டாங்க. இந்த மாநாட்டு முறையே அரசியல் சாசனத்துக்கு விரோதம்னு. காகிதத்துல பார்த்தா கதவு திறந்துதான் இருக்கு. நீங்களே உங்க ஆளுங்களைப் பிரதிநிதியா நிறுத்தலாம். அதுக்கு ஒவ்வொரு அசெம்ப்ளி தொகுதியிலயும் 37 நாளுக்குள்ள 500 கையெழுத்து. தொகுதிக்குத் தொகுதி ஆள் பிடிச்சு, அத்தனை பேரையும் ஜெயிக்க வச்சு, அப்புறம் மாநாட்டுல பெரும்பான்மை. வாக்குச்சீட்டுல பிரதிநிதி பேர் பக்கத்துல அவர் எந்த ஜட்ஜுக்கு ஆதரவுன்னுகூட இருக்காது. தனி ஆளால முடியுமா?

வாய்தா:
தீர்ப்பு என்ன ஆச்சு அக்கா? சஸ்பென்ஸ் வைக்காதீங்க.

கோனி ஐலண்ட் அக்கா:
அடுப்புல பால் வச்சிட்டு வந்தேன் தம்பி. சொல்றேன்.

2006 ஜனவரியில புரூக்ளின் ஃபெடரல் ஜட்ஜ் ஜான் கிளீசன் அந்தம்மா பக்கம் தீர்ப்பு சொன்னார். அதே வருஷம் மேல் கோர்ட்டும் அதை உறுதி பண்ணுச்சு. கட்சிக்காரங்க வாஷிங்டன் போனாங்க. 2008 ஜனவரி 16, நிஜமான உச்ச நீதிமன்றம், 9 பேரும் ஒண்ணா, அந்தம்மாவுக்கு எதிரா.

தீர்ப்பை எழுதினவர் ஜட்ஜ் ஸ்காலியா. கட்சி தன் வேட்பாளரைத் தன் விருப்பப்படி தேர்ந்தெடுக்கலாம், அதுல ஒவ்வொருத்தருக்கும் ஜெயிக்க நியாயமான வாய்ப்பு தரணும்னு சாசனம் சொல்லலங்கிறது சாரம். இன்னொரு ஜட்ஜ் ஸ்டீவன்ஸ் கூடவே ஒரு குறிப்பு எழுதினார். இந்த முறை சாசனப்படி செல்லும்னு சொல்றதால இது நல்ல முறைன்னு நான் சொன்னதா நினைக்காதீங்கன்னுட்டு, பழைய சகா தர்குட் மார்ஷல் அடிக்கடி சொல்ற வார்த்தையை எடுத்துப் போட்டார்: முட்டாள்தனமான சட்டம் போடக்கூடாதுன்னு சட்டமன்றத்துக்குச் சாசனம் தடை போடல.

அந்த மாநாட்டு முறை இன்னைக்கும் இருக்கு. அந்தச் சீட்டைத்தான் பாண்டி கருப்படிச்சது.

சிரஸ்தார் ஓய்வு:
அம்மையார் பிறகு என்ன ஆனார்?

கோனி ஐலண்ட் அக்கா:
அதுதான் ஐயா ருசி. கேஸ் நடந்துட்டு இருக்கும்போதே, 2005-ல, சரோகேட் பதவிக்கு நின்னாங்க. உயில், சொத்துப் பிரிவினை, தத்து எல்லாம் பார்க்கிற கோர்ட். வாரிசு இல்லாம செத்தவங்க சொத்தை நிர்வகிக்க வக்கீலைப் போடறதும் அங்கதான். பீஸ் கொழிக்கிற இடம், கட்சிக்குத் தங்கச் சுரங்கம். முன்னாடி இருந்த சரோகேட்டை அந்த வருஷம்தான் பதவி நீக்கம் பண்ணியிருந்தாங்க, தன் நண்பரான வக்கீலுக்கு முறையான கணக்குக் கேக்காம பீஸ் ஒதுக்கினதுக்காக. அந்தக் காலி நாற்காலிக்கு ப்ரைமரி உண்டு. அந்தம்மா ஜெயிச்சாங்க.

கட்சி சும்மா இருக்குமா? அதே 2005-ல மாநிலச் சட்டமன்றம் புரூக்ளினுக்கு ரெண்டாவது சரோகேட் பதவி ஒண்ணை உண்டாக்குச்சு. ப்ரைமரிக்குப் பேர் கொடுக்கிற கெடு தாண்டின பிறகு. அதனால அதுக்கு ஆள் நிறுத்தினது கட்சியே.

நார்மன் கதையும் சொல்லிடறேன். 2002 தேர்தல்ல சிவில் கோர்ட் வேட்பாளர் ஒருத்தரை, நாங்க காட்டுற ஆளுங்களுக்குப் பிரசார வேலை கொடுத்துப் பணம் கட்டு, இல்லாட்டி ஆதரவு இல்லன்னு நெருக்கினதுக்காக 2007-ல ஜூரி குற்றவாளின்னு சொல்லிடுச்சு. சிறைக்குப் போனார்.

டெக்சாஸ்_தம்பி:
உங்க ஊர்ல மாநாடாவது நடக்குது. எங்க ஊருக்கு வாங்க. ஹியூஸ்டன் இருக்கிற ஹாரிஸ் கவுண்டியில 2018 நவம்பர்ல 59 நீதிபதி பதவிக்கு டெமாக்ரட் எல்லாமே ஜெயிச்சாங்க. 59-க்கு 59. ரிபப்ளிகன்ல நல்ல ஜட்ஜும் போனார், மோசமானவரும் போனார். அப்ப ஒரே பொத்தான் அமுக்கினா கட்சி முழுக்க ஓட்டு விழும். அந்தப் பொத்தானை 2020-ல எடுத்துட்டாங்க. இருந்தாலும் பேர் பக்கத்துல கட்சி போட்டுத்தான் இருக்கு.

பக்கத்து ஃபோர்ட் பெண்ட் கவுண்டியில 2022-ல ஜெயிச்ச சுரேந்திரன் பட்டேல் காசர்கோட்டுக்காரர். சின்ன வயசுல பீடி சுத்தினவர், படிப்பை நிறுத்திட்டு மறுபடி தொடர்ந்து, கேரளாவுல வக்கீலா இருந்து, இங்க வந்து திரும்பச் சட்டம் படிச்சு 240-வது டிஸ்ட்ரிக்ட் கோர்ட் ஜட்ஜ் ஆனார். ப்ரைமரியில பதவியில இருந்த ஜட்ஜையே தோற்கடிச்சார். மேல இருக்கிறவன் பார்த்துப் போடற முறையில அவருக்கு நாற்காலி கிடைச்சிருக்குமா? எனக்குச் சந்தேகம். தேர்தல் கெட்டதுன்னு மட்டும் பேசாதீங்க.

வாய்தா:
தம்பி, பணத்தை மறந்துட்டு பேசறீங்க. வெஸ்ட் வர்ஜீனியா கேஸ் தெரியுமா? மாஸி நிலக்கரிக் கம்பெனி மேல 2002-ல 5 கோடி டாலர் தீர்ப்பு. அப்பீல் வர்றதுக்குள்ள 2004-ல மாநில மேல் கோர்ட்டுக்குத் தேர்தல். கம்பெனித் தலைவர் பிளாங்கன்ஷிப் ஒரு வேட்பாளர் ஜெயிக்க 30 லட்சம் டாலர் இறக்கினார். அவர் ஜெயிச்சார். அந்த அப்பீல்ல உட்கார்ந்தார். 3-க்கு 2-ல கம்பெனி ஜெயிச்சுது. 2009-ல உச்ச நீதிமன்றம்தான் அந்த ஜட்ஜ் விலகியிருக்கணும்னு சொல்லுச்சு, அதுவும் 5-க்கு 4-ல. 4 பேர் அதை ஒத்துக்கல!

வருஷக்கணக்கா வாய்தா வாங்கி மண்டை காய்ஞ்சாலும் பரவாயில்ல, என் முன்சீப் யார்கிட்டயும் போஸ்டர் காசு வாங்கலங்கிற நிம்மதி எனக்குப் பெருசு.

கோனி ஐலண்ட் அக்கா:
வாய்தா சார், அது மாநில மேல் கோர்ட், கோடிகள் புரளும். சிவில் கோர்ட்டுக்கு நிக்கிறவரை நீங்க பார்க்கணும். ஒருதடவை எங்க சப்வே வாசல்ல, பனி விழுந்துட்டு இருக்கு, ஒரு வக்கீலம்மா கிளிப்போர்டு வச்சுட்டு கையெழுத்து கேட்டாங்க. விரல் விறைச்சு பேனா பிடிக்க முடியல. என்ன பண்ணப் போறீங்கன்னு கேட்டேன். "அதை நான் சொல்லக்கூடாது"ன்னாங்க. நிஜம்தான். முன்னால வரப்போற வழக்குல இப்படித் தீர்ப்பு சொல்வேன்னு இங்க வாக்குறுதி தரக்கூடாது. காசும் அவங்க கையால கேக்கக்கூடாது, வாங்கக்கூடாது. கமிட்டிதான் வாங்கணும், அதுக்கும் கால வரம்பு உண்டு. "நான் நல்லவ, ஓட்டுப் போடுங்க"ன்னு மட்டும் சொல்லலாம். அதனால ஜனங்க பேரைப் பார்த்துப் போடறாங்க, இனத்தைப் பார்த்துப் போடறாங்க, பாண்டி மாதிரி வரிசையைப் பார்த்துப் போடறாங்க. அது குறைதான், ஒத்துக்கறேன்.

ஆனா லோபஸ் டோரஸ் அம்மாவை நியமன முறையில யோசிச்சுப் பாருங்க. ஆள் எடுக்க மாட்டேன்னு சொன்ன மறுநாள் அவங்களுக்கு வேற யார் கதவு திறந்திருக்கும்?

மன்னார்குடி மைனர்:
நம்ம சென்னைப் பொண்ணு ராஜ ராஜேஸ்வரி நியூயார்க் ஜட்ஜ் ஆனாங்களே, அவங்களும் தேர்தல்ல ஜெயிச்சுதானே? தமிழேண்டா!!

கோனி ஐலண்ட் அக்கா:
இல்ல தம்பி. அவங்க 2015-ல மேயர் டி பிளாசியோ நியமிச்சவங்க, கிரிமினல் கோர்ட்டுக்கு. நகர கிரிமினல் கோர்ட், ஃபேமிலி கோர்ட் எல்லாம் மேயர் நியமனம், சிவில் கோர்ட்தான் தேர்தல். 16 வயசுல இங்க வந்து, ஸ்டேட்டன் ஐலண்ட் அரசு வக்கீல் ஆபீஸ்ல பல வருஷம் வேலை பார்த்தவங்க. பெருமைப்படுங்க, தப்பில்ல. ஆனா வாய்தா சார் கட்சிக்குத்தான் ஒரு பாயிண்ட் போகுது இதுல.

வாய்தா:
வாங்கிக்கறேன் 😀

சிரஸ்தார் ஓய்வு:
என் அபிப்பிராயம் ஒன்று. தேர்தலா பரீட்சையா என்பதைவிட, ஜட்ஜு பக்கத்து நாற்காலியில் யார் உட்காருகிறார் என்று பாருங்கள். நான் பார்த்த ஜட்ஜுகளில் சிபாரிசுக்கு அசையாதவர்கள் மூன்று பேர். மூவருமே சீக்கிரம் மாற்றலாகிப் போனார்கள். ஒருவர் போகும்போது தன் மேஜை விளக்கைக் கழற்றி எடுத்துக்கொண்டார். அது அவர் காசில் வாங்கியது என்று அன்றைக்குத்தான் எங்களுக்குத் தெரிந்தது.

பாண்டி, உங்கள் வழக்குக்கு ரசீது, வீட்டின் புகைப்படம், ஓனருடன் பேசிய மெசேஜ் எல்லாவற்றுக்கும் நகல் மூன்று செட் எடுத்துப் போங்கள். எந்த நாட்டுக் கோர்ட்டிலும் காகிதம்தான் பேசும்.

கோனி ஐலண்ட் அக்கா:
அதோட இதையும் சேர்த்துக்கோங்க. 2019 சட்டப்படி, காலி பண்ணி 14 நாளுக்குள்ள எதுக்கு எவ்வளவு பிடிச்சேன்னு ஓனர் கணக்கு எழுதித் தரணும். தரலைன்னா பிடிச்சு வைக்கிற உரிமையே போச்சு. தேதியை அழுத்திச் சொல்லுங்க. பேர் கூப்பிடும்போது வெறும் "ரெடி"ன்னு சொன்னா ஆர்பிட்ரேட்டர்கிட்ட அனுப்புவாங்க. அவர் சம்பளம் வாங்காத வக்கீல், சீக்கிரம் முடியும், அப்பீல் கிடையாது. ஜட்ஜுதான் வேணும்னா "ரெடி, பை த கோர்ட்"னு சொல்லணும். ராத்திரி ரொம்ப நேரம் ஆகலாம், வேற தேதிகூட விழலாம்.

புரூக்ளின் பாண்டி:
மூணு வாரம் கழிச்சு வர்றேன். நேத்து சாயங்காலம் ஆறரைக்குக் கேஸ். பெரிய ஹால், தேவாலயத்துல இருக்கிற மாதிரி மர பெஞ்சு. பக்கத்துல ஒரு கிழவி மடியில ஒரு சலவை பண்ண கோட்டு, கோட்டுக் கையில கருகின ஓட்டை. இந்தப் பக்கம் ஒருத்தர் உடைஞ்ச டைல்ஸையே பையில தூக்கிட்டு வந்திருந்தார்.

ஜட்ஜையே பார்த்துடணும்னு "பை த கோர்ட்" மனப்பாடம் பண்ணிட்டுப் போனேன். என் பேரைக் கூப்பிட்டாங்க. அவங்க உச்சரிச்ச விதத்துல அது என் பேருன்னு புரியவே ரெண்டாவது தடவை ஆச்சு. அவசரத்துல "ரெடி"ன்னு மட்டும் கத்திட்டேன். ஓனர் வரல. கொஞ்ச நேரம் காத்திருந்தாங்க, அப்புறம் ஒரு சின்ன ரூமுக்கு அனுப்பினாங்க. வெள்ளை முடி ஆர்பிட்ரேட்டர், தேதி எல்லாம் கேட்டார், சிரஸ்தார் ஐயா சொன்ன மூணு செட்ல ஒண்ணை வாங்கி வச்சுக்கிட்டார். பத்து நிமிஷம். தீர்ப்பு தபால்ல வருமாம். தேர்ந்தெடுத்து வந்த ஜட்ஜு முகத்தைப் பார்க்கவே இல்ல.

வெளிய வரும்போது லிப்ட் பக்கம் அன்னைக்கு எந்த ரூம்ல எந்த ஜட்ஜ்னு ஒரு தாள் ஒட்டியிருந்துச்சு. நின்னு மெதுவா படிச்சேன். ஜூன் ப்ரைமரிக்கு எங்க பகுதியில சிவில் கோர்ட்டுக்கு ரெண்டு பேர் போட்டின்னு அக்கா தனிமெசேஜ்ல சொன்னாங்க. ரெண்டு பேரையும் நேர்ல பார்க்கிற மாதிரி ஏதாவது கூட்டம் நடக்குமா அக்கா?

கோனி ஐலண்ட் அக்கா:
நடக்கும். நாற்காலி நாற்பது போட்டிருப்பாங்க, ஏழு பேர் வருவாங்க. நான் வர்றேன், உங்களையும் சேர்த்தா ஒன்பது.